மச்சுக் கெழவன்

என்னடா பேராண்டி, சைக்கிள் ரிம்மைக் கழட்டிக் குண்டு கோத்துக்கிட்டிருக்கே? தானாச் சுத்தி மோட்டார் ஓட்டப்போவுதா? பேஷ்! அப்போ ஈ.பி. ஆபீஸைப் பூட்டச் சொல்லிடலாமா?

உனக்கு முந்தியே பெரிய தலையெல்லாம் இதுல கை வச்சிருக்குடா. 12-ஆம் நூற்றாண்டுல பாஸ்கராச்சாரியார், ஆரக்காலுக்குள்ள பாதரசம் ஊத்துனா சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கும்னு எழுதி வச்சார். அடுத்த நூற்றாண்டுல பிரான்சுக்காரர் வில்லார் த ஒன்கூர், ஏழு சுத்தியல் தொங்கவிட்டுப் படமே போட்டார். படம் லட்சணமாத்தான் இருக்கு. சுத்தத்தான் மாட்டேங்குது.

"வலப்பக்கக் குண்டு அச்சைவிட்டுத் தள்ளி நிக்குது தாத்தா, அது இழுக்கும்"ங்கிறே. இழுக்கட்டும். எண்ணிப் பாத்தியா? தள்ளி நிக்கிறது நாலுன்னா, அந்தப் பக்கம் ஒட்டி நிக்கிறது ஆறு. ரெண்டும் சமமாகி, சக்கரம் ரெண்டு ஆட்டம் ஆடிட்டு மாடு மாதிரி நின்னுக்கும்.

ஒரு கிலோ குண்டு ஒரு மீட்டர் எறங்குனா 9.8 ஜூல் தரும். திரும்ப ஏத்த அதே 9.8 கேக்கும். நேரா ஏத்து, வளைச்சு ஏத்து, உயரம் உயரந்தான். பூமாதேவி கொடுத்ததை எண்ணி வாங்குறவ. ஒரு பைசா கூடத் தரமாட்டா. நடுவுல அச்சு உரசல் வேற தரகு எடுத்துக்கும்.

எங்கப்பன் ஏற்றம் மிதிச்சவன். துலாவுல முன்னையும் பின்னையும் நடப்பான். சால் எறங்கும், ஏறும். பாக்கிறவனுக்கு மரமே தண்ணி எறைக்கிற மாதிரி தெரியும். எறைச்சது என்னவோ காலையில குடிச்ச கேப்பைக்கூழு.

1813-ல நியூயார்க்குல சார்லஸ் ரெட்ஹெஃபர்னு ஒரு கெட்டிக்காரன், தானா ஓடுற எந்திரம்னு காட்டிக் காசு பாத்தான். நீராவிக் கப்பல் விட்ட ராபர்ட் ஃபுல்டன் போய்க் காதைத் தீட்டிக் கேட்டார். ஓட்டம் ஒரே சீரா இல்ல. யாரோ கைப்பிடி சுத்துற மாதிரி ஏறி எறங்குது. பலகையைப் பேத்தா, சுவருக்குள்ள ஒரு நரம்புக் கயிறு. அதைப் பிடிச்சுக்கிட்டே போனா, மச்சுல ஒரு தாடிக்காரக் கெழவன், ஒரு கையில ரொட்டித் துண்டு, மறு கையில கைப்பிடி!

உன் சக்கரமும் சுத்தும்டா, நான் இல்லேங்கல. ஆனா எனக்கு மச்சு ஏற மூட்டு வலி, ரொட்டி கடிக்கப் பல்லும் கெடையாது. வேற கெழவனாப் பாரு.