வழிப்பிழை இயல்

நெட்வொர்க்குகள் தம்முள் வழி சொல்லிக்கொள்ளும் முறை பிஜிபி எனப்படும். 1989-இல் இரு பொறியாளர்கள் சாப்பாட்டு மேசையில், நாப்கினில் வரைந்தது இதன் மூலபாடம். 'இந்த முகவரிகள் என்னுடையவை' என்று எவர் அறிவித்தாலும் அண்டை ரூட்டர் நம்புக என்பது விதி. ஏன் நம்ப வேண்டும் என்பதற்கு நாப்கினில் இடம் போதவில்லை போலும்.

வழிபிழைப்போர் மூவகையர்: கைதவறியோர், களவாடுவோர், கேட்டதை அப்படியே ஒப்பிப்போர்.

கைதவறியோருள் மூத்தவர் ஏஎஸ் 7007 என்னும் எண்ணுடைய நெட்வொர்க். 1997 ஏப்ரலில் இணையத்தின் கணிசமான பகுதிக்குத் தாமே வழி என்று அறிவித்து, வந்து குவிந்த டிராஃபிக்கில் தாமும் மூழ்கினார். களவாடுவோருக்கு 2018-இல் அமேசானின் டிஎன்எஸ் முகவரிகளைத் திருப்பி, மைஈத்தர்வாலட் என்னும் கிரிப்டோ பணப்பையின் பயனாளர்களிடம் ஈத்தர் நாணயத்தைச் சுருட்டியவர் சான்று.

பாகிஸ்தான் டெலிகாம் எவ்வகை என்பதில்தான் வழக்கு. யூடியூப் 1,024 முகவரிகளை ஒரே தொகுதியாக அறிவித்திருந்தது. 2008 பிப்ரவரி 24 அன்று, அவற்றுள் 256 மட்டும் தன்னிடம் என்றது பாகிஸ்தான் டெலிகாம். ரூட்டர்களுக்குக் குறுகிய அறிவிப்பே வேதம். உலகின் யூடியூப் போக்குவரத்து அங்கே திரும்பியது. யூடியூப்பும் 256 என்றது, பிறகு 128, 128 என்று நறுக்கியது. உள்நாட்டில் அது யூடியூப்பை முடக்கச் சொன்ன அரசாணை, எல்லை தாண்டியபின் கைதவறல் என்று இரண்டிலும் வைப்பாரும் உளர். என் கட்சி வேறு. ஹாங்காங்கின் பிசிசிடபிள்யூ நிறுவனம் அதை வடிகட்டாமல் உலகுக்கு ஒப்பித்திராவிட்டால் அது உள்ளூர்ச் செய்தியாகவே முடிந்திருக்கும். ஆகவே மூன்றாம் வகையே முதற்குற்றவாளி.

பரிகாரம் ஆர்பிகேஐ. இந்த முகவரிகளை இந்த நெட்வொர்க் அறிவிக்கலாம், இவ்வளவு நறுக்கலாம் என்று கையொப்பமிட்ட பட்டா. அதைப் பார்க்கும் ரூட்டருக்கு அறிவிப்பு செல்லும், செல்லாது, பட்டாவே இல்லை என மூன்றாகும். பட்டா இல்லாததையும் உள்ளே விடுவார்கள். விடாவிட்டால் இணையத்தில் கணிசமான பகுதி வெளியே நிற்கும். தவிர, பட்டா உரிமையாளரை மட்டுமே சொல்லும், இடைப்பட்ட பாதையைச் சொல்லாது. பாதைக்கும் கையொப்பம் கேட்கும் பிஜிபிசெக் 2017-இலேயே ஆவணமாயிற்று. ஆவணமாகவே இருக்கிறது.

2024 ஜனவரியில் பட்டா வழங்கும் பதிவகத்தில் ஆரஞ்சு ஸ்பெயின் நிறுவனம் வைத்திருந்த கணக்கில் ஒருவர் நுழைந்தார். கடவுச்சொல் 'ரைப்அட்மின்'. முகவரி எதையும் அவர் களவாடவில்லை, பட்டாவைத் திருத்தினார். பட்டா பார்த்தே ஏற்கும் ஒழுக்கசீலர்கள் உண்மையான ஆரஞ்சைச் செல்லாது என்று தள்ளினார்கள். பார்க்காத சோம்பேறிகள் வழியாகத்தான் அது கொஞ்சம் ஓடியது.