துணிப்பைத் தையலில் பிறக்கும் ஆனந்தம்: கள்ளக்குறிச்சியை முன்வைத்து ஒரு விசாரணை

உடுப்புத் தையலில் துயரம் உண்டு; பைத் தையலில் இல்லை. இதுவே இக்கட்டுரையின் கருதுகோள். காரணத்தை முதலிலேயே போட்டு உடைப்பது ஆய்வு மரபல்ல என்றாலும் உடைத்துவிடுகிறேன்: பைக்கு உடம்பு கிடையாது. அளவு ஜாக்கெட்டை மேலே வைத்து அச்சு மாறாமல் வெட்டினாலும் 'கை இறுக்குது, கழுத்து இறங்கிடுச்சு' என்று ஜாக்கெட் திரும்பி வரும். பை திரும்பி வந்ததாக வரலாறு இல்லை. ஓர் அங்குலம் குறைந்தால் சின்னப் பை, கூடினால் பெரிய பை. கோணலாகிவிட்டதா? அரிசியைக் கொட்டுங்கள், நிமிர்ந்துகொள்ளும்.

ஆய்வுக் களமாகக் கள்ளக்குறிச்சியைத் தேர்ந்ததற்குச் சட்ட ஆதாரம் உண்டு. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை அமலானது 2019 ஜனவரி 1. விழுப்புரத்திலிருந்து பிரிந்து இம்மாவட்டம் உதயமானது அதே ஆண்டு நவம்பர் 26. எனவே சட்டப்படி பார்த்தால், இம்மாவட்டம் பிறந்த நாள் முதல் கேரி பேக்கைக் கண்ணால் கண்டதில்லை. சந்தைப்படி பார்த்தால் நிலைமை வேறு. அதற்குள் நான் போகவில்லை.

2021 டிசம்பர் 23 அன்று அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. பத்து ரூபாய் போட்டால் பை தரும் இயந்திரங்களும் வந்தன. காசு போட்டுப் பை வாங்கியவருக்குப் பை கிடைத்தது உறுதி. ஆனந்தம் கிடைத்ததா என்பது நிறுவப்படவில்லை.

அது பிறக்கும் இடம் வெட்டுமேசை. 36 அங்குல அகலக் காடாத் துணியில் ஒரு மீட்டர் எடுத்துக்கொள்க. நீளவாக்கில் 15 அங்குலமாக இரண்டு துண்டு. மீதி ஆறில் மூன்று மூன்றாக இரண்டு பட்டை. பட்டைகளைப் பாதியாக நறுக்கினால் நான்கு காதுகள். இரண்டு பை, நான்கு காது, மிச்சம் பூஜ்யம். வெட்டுத்துணி மிஞ்சாத ஒரு கணக்கை ஜாக்கெட் உலகம் கனவிலும் கண்டிராது. பிறகு துண்டை இரண்டாக மடித்து, பக்கங்களில் முதலில் வெளிப்புறமாக ஒரு தையல், புரட்டி உள்ளே இன்னொரு தையல். பிசிறு இரண்டுக்கும் நடுவில் சிறைப்படும், ஓவர்லாக் கடைக்கு அலைய வேண்டாம். அந்தப் புரட்டலின்போது முகத்தில் வரும் சிரிப்பை அளக்க இஞ்சு டேப் உதவவில்லை. இடையில் பாபின் நூல் தீர்ந்ததை அறியாமல் ஒரு முழம் ஓட்டுவது பாடத்திட்டத்தில் அடங்கும்.

பையின் தகுதித் தேர்வு கல்வராயன் மலையில் நடைபெறுகிறது. வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக இறங்கும் பஸ்ஸில் பைக்குள் என்ன இருக்கிறது என்பதே கேள்வித்தாள். சாமை என்றால் தையலின் நெருக்கம் சோதிக்கப்படும். எட்டி எட்டிப் போட்ட தையல் வழியே பொடித் தானியம் கசிந்து இறங்கிவிடும். மரவள்ளிக் கிழங்கு என்றால் அடிமூலை சோதிக்கப்படும். கிழங்கின் முனை அங்கேயே குத்தி நிற்கும். புளி எல்லாவற்றையும் மன்னிக்கும், கறையைத் தவிர.

காது விஷயத்தில் அறிஞருலகம் இரண்டுபட்டுக் கிடக்கிறது. வாய் மடிப்புக்குள் காதைச் செருகி ஒரே ஓட்டில் முடிப்போர் ஒரு சாரார். வெளியே வைத்துச் சதுரமடித்து, நடுவே பெருக்கல் குறி போடுவோர் மறுசாரார். முதல் சாரார் பை அழகு. இரண்டாம் சாரார் பை ஐந்து கிலோ கிழங்கோடு வீடு சேரும். என் சார்பை வாசகர் ஊகித்திருப்பார்.

எனினும் எதிர்ச்சான்று ஒன்றை மறைப்பது அறமாகாது. பையை இலவசமாகப் பெற்றுக்கொண்ட பக்கத்து வீட்டுப் பெண், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நல்லாத்தான்கா இருக்கு. இதுக்கு ஒரு ஜிப்பு வெச்சிக் குடுக்கா, உள்ளார ரெண்டு பாக்கெட்டும்."

ஜிப் இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது.