நியூயார்க் பக்கம், சிங்கப்பூர் தூரம்

சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று கேட்டால், யாரும் சுமார் 15,300 கிலோமீட்டர் என்று சொல்லிவிடுவார்கள். போகும்போதா, வரும்போதா என்று திருப்பிக் கேட்பவர் எவருமில்லை. போக்கும் வரவும் ஒரே தூரம் என்ற மூடநம்பிக்கை புவியியலாரிடையே அவ்வளவு ஆழமாக வேரோடிவிட்டது. அதைக் களைய எழுந்ததே இவ்வாய்வு.

நேரடி விமானத்தில் இப்பயணம் ஏறத்தாழ 18 மணி 40 நிமிடம் என்பர் விமானத் துறையினர். அவர்கள் உள்ளே உட்கார்ந்துகொண்டு அளப்பவர்கள். நடுநிலைச் சாட்சிகள் அல்லர். எனவே, அந்தந்த ஊர் சுவர்க் கடிகாரங்களை மட்டுமே ஆய்வாளர் நம்பியிருக்கிறார். குளிர்காலத்தில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் நள்ளிரவு 12 மணிக்குக் கிளம்பினால், இறங்கும்போது நியூயார்க்கில் அதே நாள் காலை 5.40. ஆக, வேகம் மணிக்கு 2,700 கி.மீ. கான்கார்டுகூடச் சுமார் 2,180-இல்தான் பறந்தது. 2003-இல் அதற்கு ஓய்வு கொடுத்தது சரிதான் என்று தோன்றுகிறது. திரும்பும்போதோ, காலை 10 மணிக்கு ஏறியவர் மறுநாள் மாலை 5.40-க்கு இறங்குகிறார். 31 மணி 40 நிமிடம்! அதாவது மணிக்குச் சுமார் 480 கி.மீ. இது சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் விசிறி விமானத்தின் வேகம். எனவே, சிங்கப்பூருக்கு நியூயார்க் பக்கம். நியூயார்க்குக்குச் சிங்கப்பூர் தூரம்.

இதற்கு மறுப்பாக, இடையில் 13 மணி நேர வித்தியாசம் இருக்கிறதே என்பர் சிலர். மார்ச் இரண்டாம் ஞாயிறு அமெரிக்கர்கள் முள்ளைத் தள்ளி வைத்ததும் 12 ஆகிவிடுகிற வித்தியாசத்தை எந்த நியாயத்தில் மாறிலி என்று கொள்வது?

இனித் திசை. சிங்கப்பூர் கிழக்கே 104 பாகை, நியூயார்க் மேற்கே 74, கூட்டினால் 178. இரண்டும் உலகின் எதிரெதிர் முதுகில் இருப்பதால், மிகக் குறுக்கு வழி ஏறக்குறைய வட துருவத்தின் மேலேயே போகிறது. கிழக்கா, மேற்கா என்று கேட்டால் வடக்கு என்கிறது கணிதம். விமானியோ கணிதத்தைவிடக் காற்றை மதிப்பவர். மேல்வானில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் காற்றோட்டத்தில் தொற்றிக்கொண்டு பசிபிக் வழியே போவார். திரும்புகையில் அட்லாண்டிக், ஐரோப்பா வழியே வருவதும் உண்டு. போன திசையிலேயே போய் வீடு சேரும் இம்முறையில் உலகைச் சுற்றியவருக்குப் பழம் கிடைக்காது என்பதைப் பழனிமலையில் விசாரித்தறியலாம்.

2018-இல் இத்தடத்துக்கு வந்த ஏ350 ரகத்தில் 161 இருக்கைகளே. இகானமி வகுப்பே கிடையாது. அதனால் களப்பணி இன்னும் நடக்கவில்லை. போக 5 மணி 40 நிமிடத்துக்கும், வர 31 மணி 40 நிமிடத்துக்கும் தனித்தனியே பயணப்படி கேட்டு விண்ணப்பித்திருந்தேன். கணக்குப் பிரிவினர் இரண்டையும் கூட்டி, இரண்டால் வகுத்து, ஒரு வழிக்கு 18 மணி 40 நிமிடம் என்று சிவப்பு மையில் திருத்தி அனுப்பிவிட்டார்கள்.