பானட்டு மேல ஏரி

இன்னாடா பேராண்டி, ஒரகடத்துல பெயின்ட் ஷாப்புல வேலை பாக்குறவன், கடனை உடனை வாங்கிக் கறுப்பு வண்டியும் எடுத்துட்ட. சந்தோஷம். காலையில சாயந்தரம் மெழுகு போட்டுத் தேய்க்கிறியே, பொண்ணு வூட்டுக்காரங்க யாராச்சும் பாப்பாங்கன்னா? பாத்துட்டாங்க, தட்டான்பூச்சி வூட்டுல. வாலை வளைச்சு வளைச்சு பானட்டைத் தொட்டுட்டுப் போவுதே, உன் வண்டிக்குத் திருஷ்டி கழிக்குதுன்னு நெனச்சுக்காத. முட்டை போடுது.

அதுக்குப் பித்து ஒண்ணும் புடிக்கல. தண்ணியில பட்டுத் திரும்புற வெளிச்சம் பெரும்பாலும் படுக்கைவாக்குலதான் அதிரும். பிளஸ் டூ பொஸ்தகத்துல தளவிளைவுன்னு போட்டிருந்தானே, அதான். நீ எங்க படிச்ச! நம்ம கண்ணுக்குப் புடிபடாது, தட்டானுக்கும் நீர்வண்டுக்கும் புடிபடும். ஏரி எதுன்னு அதை வெச்சுத்தான் கண்டுக்கும். மெழுகு போட்ட கறுப்பு பானட்டும் வெளிச்சத்தை அப்படியேதான் திருப்பி விடுது, சமயத்துல ஸ்ரீபெரும்புதூர் ஏரியை விட அழுத்தமா. நம்பலையா? போலராய்டு கூலிங் கிளாஸ் வாங்கி வெச்சிருக்கியே, மாட்டிக்கினு பானட்டைப் பாத்தபடி தலையைச் சாய். பளபளப்பு ஏறி எறங்கும். கண்ணாடி அதுக்காவது ஆவட்டும்.

சிவப்பு எடுத்திருக்கலாமோங்கிறியா? ஹங்கேரியில கிரிஸ்கா, ஹோர்வாத்னு வாத்தியாருங்க இதையே சோதிச்சு 2006-ல எழுதினாங்க. கறுப்புக்கும் சிவப்புக்கும் நீர்ப்பூச்சிங்க ஓடியாந்துச்சு, வெள்ளையையும் மஞ்சளையும் சீண்டல. பல பூச்சிங்க தண்ணியைத் தேடுறது நீலம், புறஊதா வெளிச்சத்துல. சிவப்புப் பெயின்ட் அதை முழுங்கிடும். அதுங்க கணக்குல சிவப்பும் கறுப்புதான். வெள்ளையோ எல்லா வெளிச்சத்தையும் கலந்தடிச்சுத் திருப்புறதால தண்ணி வேஷம் கலைஞ்சுடும்.

முட்டைதானே, தொடச்சா போச்சுன்னு சிரிக்காத. பிரேசில்ல ஸ்டெவானின்னு ஒரு வேதியியல்காரரும் அவர் கூட்டாளிங்களும் 2000-ல காட்டினாங்க: வெயில்ல கொதிக்கிற தகட்டுல அந்த முட்டை இறுகும்போது ஒரு அமிலம் உண்டாவுது, அது பெயின்ட் மேல பூசுற கிளியர் கோட்டையே அரிக்குது. அமில மழை பட்டாப்ல. நீ பூசுன பூச்சை நீயே மினுக்கி மினுக்கி அரிக்க வுடுற, கெட்டிக்காரன்டா. தட்டானுக்கு மட்டும் லாபமா? அதுவும் முட்டையத்தனையும் வறுத்துட்டுப் போவுது.

ஏரி மாவட்டம்னு பேரெடுத்த சீமையில தட்டான் தண்ணி தேடத்தான் செய்யும். வண்டியைத் துணி போட்டு மூடு, அடுத்த வண்டி வெள்ளையில எடு. இல்ல, கறுப்புதான் கெத்துன்னா அந்த மெழுகு டப்பாவைத் தூக்கிப் பரண்ல போடு. தூசி படிஞ்சா மினுக்கு அடங்கிடும். தூசியை ஒரகடம் ரோட்டு லாரிங்க காசு வாங்காமலே போட்டு வுடும்.