‘பரவாயில்லை’ கொலாச்

போன ஞாயிற்றுக்கிழமை பார்த்த ஒரு சமையல் வீடியோ கிளப்பிய எரிச்சல் இதை எழுதுபவருக்கு இன்னும் அடங்கவில்லை. செக் நாட்டுக் கொலாச்சை முப்பதே நிமிடத்தில் வீட்டில் செய்துவிடலாம் என்றார் அந்த அம்மணி. பொலொஹ்ருபா மாவு கிடைக்கவில்லையா, பரவாயில்லை, மைதா போடுங்கள். த்வரோஹ் இல்லையா, பரவாயில்லை, பனீரை உதிர்த்துக்கொள்ளுங்கள். நீலக் கசகசா இல்லையா, எள்ளை வறுத்துப் போடுங்கள். ஈஸ்ட் இல்லாவிட்டாலும் பரவாயில்லையாம்; சமையல் சோடா இருக்கவே இருக்கிறது. ஓவன் இல்லாத வீட்டுக்குக் குக்கரும் ஒரு படி உப்பும். இத்தனையையும் மாற்றிவிட்டுப் பெயரை மட்டும் மாற்றாமல் தட்டில் வைத்தார்.

கொலாச் என்பது ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்த, வெண்ணெயும் முட்டை மஞ்சள் கருவும் சேர்ந்த மாவை உருட்டி, நடுவில் குழித்து, குழியில் இனிப்பு வைத்துச் சுடுவது. குழிக்குள் கசகசா விழுதோ, த்வரோஹ் என்னும் பால்கட்டியோ, பிளம் பழத்தை மணிக்கணக்கில் கிளறிய பொவித்லாவோ இருக்கும். மேலே வெண்ணெயும் சர்க்கரையும் மாவும் பிசறிய த்ரொபென்கா. செய்முறையைப் படிப்படியாகச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்குமுன் மாவைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை.

செக் கடையில் “கோதுமை மாவு கொடுங்கள்” என்று கேட்டுத் தப்பிவிட முடியாது. எது என்பார்கள். ஹ்லாட்கா என்றால் முகப்பவுடர்போல வழுவழுப்பு. பிஸ்கட்டுக்கும் குழம்பு கெட்டிப்படவும் அது. ஹ்ருபா விரலிடுக்கில் நறநறக்கும். க்னெட்லீக் எனும் மாவுருண்டைக்கு அதுதான். இரண்டுக்கும் நடுவே நிற்பது பொலொஹ்ருபா. பொங்கும் மாவுக்குப் பெரும்பாலோர் தேடுவது இதை. ஹ்ருபாவையும் தாண்டினால் க்ருபிட்சே, அதாவது நம் ரவையின் ஒன்றுவிட்ட சகோதரி. எல்லாம் ஒரே கோதுமை. குருணையின் அளவுதான் வேறு. பருங்குருணை பாலை மெதுவாகக் குடிக்கும், நைசு மாவு சட்டென்று குடிக்கும். “ஒரே கோதுமைதானே?” என்று கேட்பவர்கள், புட்டு மாவைக் கொடுத்து இடியாப்பம் பிழியச் சொல்லிப் பார்க்கட்டும், எந்த அம்மா சும்மா விடுவார்? பாதி ஹ்லாட்கா, பாதி பொலொஹ்ருபா கலக்கும் வீடுகளும் அங்கே உண்டு. அது அந்த வீட்டுப் பாட்டி எடுத்த முடிவு. அதில் கைவைக்க யாருக்கும் உரிமையில்லை, முப்பது நிமிட அம்மணிக்கு நிச்சயமாக இல்லை.

மாவு முடிந்தது. இல்லை, முடியவில்லை. அந்த மாவு பொங்க வேண்டுமே! அங்கே புது ஈஸ்ட் 42 கிராம் கட்டியாக விற்கிறது. அதை வெதுவெதுப்பான பாலில் உதிர்த்து, சர்க்கரை சேர்த்து, நுரைக்கும்வரை காத்திருந்து, பிறகு பிசைந்து, பிசைந்ததை மூடிவைத்தால் இரண்டு மடங்காக ஒரு மணி நேரம் பிடிக்கும். வீடியோவின் முப்பது நிமிடம் இங்கேயே செலவாகிவிட்டது.

கசகசா தனிக்கதை. செக் கசகசா நீலச்சாம்பல் நிறம். நம் குருமாவின் வெள்ளைக் கசகசா அல்ல. முழுசாகப் போட்டால் பல்லிடுக்கில் சிக்குமே தவிர மணக்காது. மேசை விளிம்பில் திருகி மாட்டும் குட்டி எந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, எண்ணெய்ப் பசையோடு கருஞ்சாம்பலாகப் பொலபொலவென்று விழும். அதைப் பாலிலும் சர்க்கரையிலும் கிளறி எடுப்பார்கள். அரைத்து வைத்துக்கொள்ளலாம் என்று சோம்பல்பட்டால் சிக்கு வாடை அடிக்கும்.

பரவாயில்லைக்காரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில், இன்றைய செக் நாட்டிலுள்ள மொராவியாவிலிருந்து டெக்சஸுக்குக் குடியேறியவர்கள் கொலாச்சையும் கொண்டுபோனார்கள். இன்று அங்கே பல கடைகளில் தொத்திறைச்சி பொதிந்த பன்னும் அதே பெயரில் விற்கிறது; அதற்கு க்ளொபாஸ்னிக் என்று வேறு பெயர் இருப்பதாகச் செக் வம்சாவளியினர் இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். பிராகிலோ, ஐஸ்கிரீம் அடைத்த ட்ர்டெல்னிக் ‘பழைய செக் பண்டம்’ என்ற பலகையோடு சுற்றுலாப் பயணிகள் தலையில் கட்டப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டை 2007இல் அந்தப் பண்டத்துக்கு வாங்கிவைத்திருப்பது ஸ்லோவாக்கியாவின் ஸ்கலிட்சா ஊர். மொராவியாவின் வலாச்சியா வட்டாரத்தார் உஷார். தட்டளவு பெரிய தங்கள் கொலாச்சான ஃப்ர்காலுக்கு 2013இல் அதே குறியீட்டை வாங்கிவிட்டார்கள். அங்கே போய் யாரும் “பரவாயில்லை” சொல்ல முடியாது.

செய்முறைக்கு இடமில்லாமல் போய்விட்டது. மைதாவும் பனீரும் மட்டுமே கையில் இருப்பவர்கள் தாராளமாகப் பன் சுடலாம். பன்னும் நல்ல பண்டம்தான். தயவுசெய்து அதைப் பன் என்றே சொல்லிப் பரிமாறுங்கள்.