அரைச்சக்கர நோய்: சர்ரே கிராமச் சாலைகளின் சான்றுகளோடு ஓர் ஆய்வு

இருவர் பக்கத்தில் பக்கத்தில் சைக்கிள் ஓட்டிப் போகும்போது ஒருவருடைய முன்சக்கரம் அரைச் சக்கரம் முந்தி நிற்பதும், பிந்தியவர் மிதித்து அதைச் சரிக்கட்டுவதும், சரிக்கட்டியதும் முந்தியவர் மறுபடி அரைச் சக்கரம் முந்துவதும், இப்படியே வேகம் ஏறிக்கொண்டு போவதும், ஏற்றியது யார் என்று கேட்டால் இருவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவதும் அரைச்சக்கர நோய் எனப்படும். ஆங்கிலேயரின் சைக்கிள் கிளப்புகளில் இதை ‘ஹாஃப் வீலிங்’ என்பார்கள். ரேஸ் சைக்கிள் சக்கரத்தின் விட்டம் டயரோடு சேர்த்து ஏறக்குறைய 68 சென்டிமீட்டர். எனவே நாம் ஆராயப் புகுந்த பொருளின் மொத்த நீளம் 34 சென்டிமீட்டர், அதாவது ஒன்றரைச் சாண். பொருள் சிறிது என்று தள்ள வேண்டா. எல்லைத் தகராறு வழக்குகள் பல இதைவிடக் குறைந்த அளவுக்கு நடந்திருக்கின்றன.

ஆய்வுக் களம் லண்டனுக்குத் தென்மேற்கே உள்ள சர்ரே. காலம், ஜூன் மாதத்து வாரநாள் மாலை. வேலை முடிந்து வந்தவர்கள் இருவர் இருவராக வேலியோரச் சந்துச் சாலைகளில் கிளம்புகிறார்கள். நோய் பற்ற இரண்டு வசதிகள் முன்கூட்டியே அமைந்திருக்க வேண்டும். ஒன்று வெளிச்சம். அந்த மாதக் கடைசியில் அங்கே சூரியன் மறைய இரவு 9.20 ஆகிவிடும். இதில் ஒரு மணி நேரம் சட்டம் கொடுத்தது. வில்லியம் வில்லட் என்ற கட்டடத் தொழிலதிபர் விடியலில் குதிரைச் சவாரி போவார். வெயில் ஏறிய பிறகும் ஊரார் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத் தூங்குவதைப் பொறுக்காமல் 1907இல் ஒரு சிறு நூலே போட்டார். 1915இல் அவர் இறந்துபோனார். மறு வருடம் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும் சட்டம் வந்துவிட்டது. ‘இருட்டிவிட்டது, போதும், திரும்புவோம்’ என்று நோயாளியை அடக்க இருந்த ஒரே மருந்தையும் அந்த நல்ல மனிதர் இப்படிப் பறித்துவிட்டார்.

இரண்டாவது வசதி, இணையாக ஓட்டும் உரிமை. பிரிட்டனின் சாலை விதிநூல் 2022 திருத்தத்தில் இதைத் தெளிவாகவே சொல்கிறது: இருவர் இணையாகப் போகலாம், பெருங்கூட்டமாகப் போகையில் அதுவே கூடுதல் பாதுகாப்பாகவும் அமையலாம். தனியாக ஓட்டுகிறவரை இந்நோய் தாக்கியதாகச் சான்று கிடையாது. ஒற்றையாளுக்கு யாரை முந்துவது?

நோயின் தொடக்கம் புறப்படும் இடத்திலேயே தெரிந்துவிடும். அழைத்துப் போகிறவர், “இன்று நிதானமாகத்தான் போகிறோம், யாரையும் விட்டுவிட்டுப் போகமாட்டோம்” என்று அறிவிப்பார். எல்லாரும் கேட்டுக்கொள்வார்கள். ஒருவர் மட்டும், “ஆமாம் ஆமாம், எனக்கும் இன்றைக்குக் கால் சரியில்லை” என்பார். அவர்தான். மேற்கொண்டு பரிசோதனை தேவையில்லை.

வேகம் ஏறுவது கண்ணுக்குத் தெரியாது. மணிக்கு 25 கிலோமீட்டர் 28 ஆனால் பெரிய விஷயமாகத் தோன்றாது. ஆனால் காற்றைக் கிழிக்க ஒவ்வொரு நொடியும் செலவாகும் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுவது. இந்த மூன்று கிலோமீட்டருக்கு அது ஏறக்குறைய 40 விழுக்காடு கூடுகிறது. முன்னால் போகும் இருவருக்கு மூச்சு வாங்கும். ஆனாலும் பேச்சை நிறுத்தமாட்டார்கள். நிறுத்தினால் மூச்சு வாங்குவது பக்கத்தவருக்குத் தெரிந்துபோகும் அல்லவா? வாக்கியங்கள் மட்டும் குறுகிக்கொண்டே வந்து, கடைசியில் “ம்”, “அப்படியா” என்ற அளவில் உரையாடல் நடக்கும்.

பின்னால் இருப்பவர்களுக்கு வெகுநேரம் எதுவும் உறைக்காது. 2018இல் பெர்ட் பிளாக்கனும் அவருடைய குழுவினரும் 121 ஓட்டிகள் கொண்ட பந்தயக் கூட்டத்தைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் ஆராய்ந்தார்கள். கூட்டத்தின் நடுவிலிருந்து பின்பகுதி வரை இருப்பவர்கள் மேல், தனியே ஓட்டினால் தாக்கும் காற்றுத்தடையில் 5 முதல் 10 விழுக்காடுதான் படுகிறது என்று கண்டார்கள். கிளப் கூட்டம் அவ்வளவு பெரிதில்லை என்றாலும் முதுகு மறைப்பு முதுகு மறைப்புதான். அந்த நிழலில் வீட்டுக்கடனைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தவர்கள் ஒரு திருப்பத்தில் கண்விழிக்கிறார்கள். முன்னால் போனவர்கள் வளைந்து, வேகமெடுத்துப் போய்விட்டிருப்பார்கள். கடைசி ஆள் உயிரைக் கொடுத்து மிதித்தால்தான் வால் ஒட்டும். அப்போது பின்னாலிருந்து, மெதுவாக என்னும் பொருளில், “ஸ்டெடி!” என்று ஒரு குரல் எழும். “கார் பேக்!” என்றால் ஒதுங்கும், “ஹோல்!” என்றால் குழி தவிர்க்கும் அந்தக் காதுகளில் இந்த ஒரு சொல் மட்டும் விழுவதே இல்லை.

இனி நோய்முதல். பாதிக்கப்பட்டவர்களை விசாரித்தால் பின்காற்று என்பார்கள், லேசான இறக்கம் என்பார்கள், கியர் சரியாக விழவில்லை என்பார்கள். இவற்றையெல்லாம் தராசில் நிறுக்க நான் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் நாங்கள் போன சாலை ரிப்லி கிராமத்தைத் தாண்டி ஒக்கம் என்ற சிற்றூரை ஒட்டிப் போகிறது. பதினான்காம் நூற்றாண்டுத் தத்துவத் துறவி வில்லியம் பிறந்த ஊர் இதுவே என்று கருதப்படுகிறது. ஒன்றை விளக்க வேண்டாத காரணங்களை அடுக்காதே, சிரைத்துத் தள்ளு என்ற கொள்கை அவர் பெயரால்தான் வழங்குகிறது. அவர் ஊரில் வைத்துப் பின்காற்றை, இறக்கத்தை, கியரை எல்லாம் சிரைத்துப் பார்த்தேன். மிஞ்சியது ஒன்றுதான்: பக்கத்தில் வருகிறவர்.

(இதே ஒக்கத்து விடுதியில்தான் 1898இல் ஹார்பர்ட்டன் சீமாட்டி கால்சட்டை அணிந்து சைக்கிளில் வந்தார் என்பதற்காகக் காபி அறைக்குள் விடாமல் திருப்பினார்கள். சைக்கிள் சுற்றுலாக் கழகம் வழக்குத் தொடுத்துத் தோற்றது. இதற்கும் நம் ஆய்வுக்கும் தொடர்பு இல்லை. ஆய்வுக் கட்டுரை என்றால் இப்படி ஒரு பத்தி இருக்க வேண்டும்.)

இது புதுநோயா எனின், அன்று. 1880களில் லண்டன் சைக்கிள்காரர்கள் கூட்டம் கூட்டமாக ரிப்லியின் ஆங்கர் விடுதிக்கு வந்தார்கள். அதை நடத்திய டிபிள் குடும்பத்துப் பெண்களின் உபசரிப்பை மறக்காமல், ஊர்த் தேவாலயத்தில் அவர்கள் நினைவாகச் சாளரமும் வைத்தார்கள். அக்காலத்துப் பெருஞ்சக்கர வண்டிகளில் முன்சக்கரம் ஒன்றரை மீட்டர் வரை இருந்தது. ஆகவே அரைச் சக்கரம் என்றால் முக்கால் மீட்டர். 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் வந்து சக்கரத்தைச் சிறிதாக்கியதால் நோயின் நீளம் வெகுவாகக் குறைந்தது. வேறெந்த மருத்துவரும் இவ்வளவு செய்யவில்லை.

சிகிச்சை முறைகளுள் கண்டிப்பு பயனற்றது. இணையை மாற்றினால் நோய் புதியவருக்கும் தொற்றுகிறது. அனுபவசாலிகள் கைக்கொள்வது, இரண்டு நோயாளிகளை ஒன்றாக முன்னால் விட்டுவிட்டு மற்றவர்கள் மெல்லப் பின்தங்கிக்கொள்வது. இருவரும் தொடுவானம் நோக்கிப் போய்விடுவார்கள். மீதிப்பேர் வாற்கோதுமை வயலையும் ஆட்டுக்குட்டிகளையும் பார்த்துக்கொண்டு ஒழுங்காக வந்து சேரலாம்.

நாங்கள் விடுதியை அடைந்தபோது அந்த இருவரும் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். “நல்ல நிதானமான ஓட்டம்” என்றார் ஒருவர். மற்றவர் ஆமோதித்து ஒரு மடக்குக் குடித்தார். முதலாமவர் தன் குவளையைப் பார்த்தார், அவர் குவளையைப் பார்த்தார், ஒரு மடக்கும் அதற்கு மேல் கொஞ்சமும் குடித்தார்.