ஆர்ட்டிஸ்ட் மாமா கொச்சிக்குப் போனார்

கம்பம் பள்ளத்தாக்கில் ஊருக்கு ஒரு ஆர்ட்டிஸ்ட் உண்டு. சுருளிப்பட்டிக்கும் ஒருவர் இருக்கிறார். ரேஷன் கார்டில் அவருக்கு வேறு பெயர். அது ரேஷன் கடைக்காரருக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கு ஆர்ட்டிஸ்ட், எனக்கு ஆர்ட்டிஸ்ட் மாமா.

இந்த இனத்தை அடையாளம் காண்பது எளிது. சட்டைப் பையில் பேனா இருக்காது, பென்சில் இருக்கும். காதோரத்தில் ஒரு பொட்டு நீலமோ சிவப்போ நிரந்தரமாகக் குடியிருக்கும். யாரோடு பேசினாலும் பார்வை முகத்தில் நிற்காமல், அவருக்குப் பின்னால் இருக்கிற சுவருக்குப் போய்விடும். மாமா பெண் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு, பெண் எப்படி என்று கேட்ட தாயிடம், "ரோட்டுப் பக்கம் நல்ல சுவரு, சும்மா கெடக்கு" என்றாராம். அத்தை அதை இன்னும் மன்னிக்கவில்லை.

ஊரில் மற்றவர்களுக்குச் சொத்து என்றால் ஏக்கர். மாமாவுக்குச் சதுர அடி. 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே பந்தல், விலை, வியாபாரி என்று பேசியது. "நல்ல சேதிதான். எந்தச் சுவத்துல எழுதப் போறாங்க?" என்றார் மாமா. சுருளி அருவிக்குப் போகும் பஸ் வேகம் குறைகிற திருப்பங்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். அங்கே இருக்கிற சுவருக்குத்தான் மதிப்பு. வேகமாகப் போகிற இடத்துச் சுவரை இனாமாகக் கொடுத்தாலும் தொட மாட்டார்.

அரசியலில் அவர் யாருக்கும் பகையில்லை. காலையில் உதயசூரியனுக்குக் கதிர் இழுப்பார், சாயங்காலம் இரட்டை இலைக்கு நரம்பு போடுவார். தேர்தல் வருவதற்கு முன்பே சுவரின் நான்கு மூலையிலும் கோடு கிழித்து, கட்சிப் பெயரும் வருஷமும் எழுதி இடம் பிடித்து வைப்பதும் அவர் வேலைதான். பிறக்காத பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் பிடிக்கிற மாதிரி, வேட்பாளர் யாரென்றே தெரியாமல் சுவர் காத்துக் கிடக்கும். 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் இரட்டை இலை முதன்முதலாக நின்று மாயத்தேவர் ஜெயித்ததற்கு அரசியல் தெரிந்தவர்கள் ஆயிரம் காரணம் சொல்வார்கள். மாமா சொல்லும் காரணம் ஒன்றுதான்: "வரையச் சுளுவான சின்னம்டா."

பொது இடங்களை அலங்கோலப்படுத்தக் கூடாதென்று தமிழ்நாட்டில் 1959-லேயே சட்டம் வந்துவிட்டதே என்று ஒருமுறை எடுத்துச் சொன்னேன். "அது கையெழுத்துச் சரியில்லாதவனுக்குப் போட்ட சட்டம்" என்று முடித்துவிட்டார். அவரை முடித்துவைத்தது சட்டமல்ல, ஃபிளெக்ஸ். கம்ப்யூட்டரில் தட்டி, ராத்திரியோடு ராத்திரியாக அச்சடித்து, விடியும்போது கட்டிவிடுகிறார்கள். ஃபிளெக்ஸ் இருக்கிற தெருவில் மாமா தலை குனிந்தே நடப்பார்.

அந்த வருத்தத்தில் இருந்தவரிடம்தான், 2018 டிசம்பரில் கொச்சி-முசிறிஸ் பினாலே என்ற கலைக் கண்காட்சி தொடங்கியதும் போய்ப் பேச்செடுத்தேன்.

"கொச்சியில சுவரு சுவரா வரைஞ்சு வெச்சிருக்காங்களாம் மாமா."

"எலெக்சனா?"

"இல்ல மாமா. கலை."

"சரி, யாரு நிக்கிறா?"

யாரும் நிற்கவில்லை என்பதைக் குமுளி தாண்டி, குட்டிக்கானம் தாண்டி, கோட்டயம் போய்ச் சேரும்வரை விளக்கிக்கொண்டே போனேன். அவர் நம்பவில்லை. வழியெல்லாம் கேரளத்துச் சுவர்களில் அரிவாளையும் கையையும் எண்ணிக்கொண்டு வந்தார். "எழுத்து உருட்டிக் கெடந்தாலும் கை சுத்தம்" என்று மலையாளத்துக்கு ஒரு சான்றிதழும் கொடுத்தார்.

ஃபோர்ட் கொச்சியில் ஆஸ்பின்வால் மாளிகைதான் அப்போது பினாலேயின் தலைமை இடம். 1867-இல் தொடங்கி மிளகு, இஞ்சி, மஞ்சள் என்று கப்பலேற்றிய கம்பெனியின் கட்டடம். மாமா மூக்கை உறிஞ்சிவிட்டு, "ஏலக்காக் கிட்டங்கி மாதிரில்ல இருக்கு" என்றார். உள்ளே வந்திருந்தவர்கள் எல்லாரும் ஓவியத்தைப் பார்க்க இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்து நின்றார்கள். மாமா இரண்டடி முன்னால் போனார். விரல் மடக்கிச் சுவரைத் தட்டினார். கட்டைவிரலால் அழுத்தினார்.

"தொடக்கூடாது சேட்டா" என்று ஓடிவந்தது காவலுக்கு நின்ற பெண்.

"தொடாம எப்படித்தா பாக்கிறது? காரை பூத்துக் கெடக்கு. கடக்காத்து, உப்பு. அடுத்த மழைக்கு நிக்காது, சொல்லிப்புட்டேன்."

அவருக்குக் கடைசிவரை படம் கண்ணில் படவே இல்லை. படத்துக்கும் படத்துக்கும் நடுவில் விட்டிருந்த வெற்றுச் சுவரிடம்தான் நெடுநேரம் நின்றார். "பாரு மாப்ளே, ஒரு எடத்துலயாச்சும் மட்டைத் தடம் தெரியுதா? என்னா பூச்சு! இதுல ஒரு எழுத்தும் எழுதாம விட்டிருக்கானே, பாவி."

வெளியே தெருச் சுவர்களில் 'கெஸ் ஹூ' என்ற புனைபெயரில் ஒருவர் முகம் காட்டாமல் வரைந்துவந்ததைச் சொன்னேன். இங்கிலாந்தில் பாங்க்ஸி என்பவரும் அப்படித்தான், ஆள் யாரென்று சொல்வதே இல்லை என்றேன். மாமாவுக்கு அது கலை விஷயமாகப் படவில்லை, பிழைப்பு விஷயமாகப் பட்டது. "பேரு போடல, ஊரு போடல, போன் நம்பர் போடல. அப்புறம் எவன்டா அடுத்த வேல குடுப்பான்?" பாங்க்ஸியின் படம் ஒன்று 2018 அக்டோபரில் லண்டன் ஏலத்தில் பத்து லட்சம் பவுனுக்கு மேல் விலை போனதும், சட்டத்துக்குள் மறைத்து வைத்திருந்த கத்திகள் அதைப் பாதிவரை கிழித்துவிட்ட கதையையும் சொன்னேன். (அந்தப் பாதிப் படமே 2021-இல் 1 கோடியே 85 லட்சம் பவுனுக்குப் போனது.) "நம்மூர்ல மைதாப் பசைக்காக ஆடு பாதி தின்ன போஸ்டர் எம்புட்டுக் கெடக்கு! ஆட்டுக்காரன் எவனும் ஏலம் விடல" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் லாஸ் ஏஞ்சல்ஸ் கதையை எடுத்தேன். 2011-இல் அங்கே ஒரு பெரிய அருங்காட்சியகம் தெரு ஓவியங்களுக்கென்றே கண்காட்சி வைத்தது. இரண்டு லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். அதற்கு முன்னோட்டமாக 2010 டிசம்பரில் இத்தாலிய ஓவியர் புளூவை அழைத்து, கட்டடத்தின் வெளிச்சுவரில் வரையச் சொன்னார்கள். அவர் வரிசையாகச் சவப்பெட்டிகளை வரைந்து, ஒவ்வொன்றின் மேலும் கொடிக்குப் பதில் டாலர் நோட்டைப் போர்த்தினார். எதிரே போர் வீரர்களுக்கான மருத்துவமனையும் நினைவுச் சின்னமும் இருந்ததால், அருங்காட்சியகமே ஆள் வைத்து வெள்ளையடித்துவிட்டது.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் முழுக்கவனத்தோடு கேட்டது இதைத்தான்.

"ஆர்டர் குடுத்தவனே அழிச்சானா?"

"ஆமா மாமா."

"நம்மூர்ல எதிர்க்கட்சிக்காரன்தான்டா அழிப்பான். அங்க சொந்தக் கட்சியே அழிக்குதா? அதுக்குத்தான் மாப்ளே, காச எண்ணி வாங்கிட்டுத்தான் ஏணிய விட்டு எறங்கணும்."

கிபி 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேய் நகரத்துச் சுவர்களிலும் தேர்தல் விளம்பரங்கள்தான் என்று தொடர்ந்தேன். இன்னாருக்கு ஓட்டுப் போடுங்கள் என்று எழுதி, கீழே எமிலியஸ் கெலெர் என்ற ஆர்ட்டிஸ்ட் தன் பெயரையும் போட்டிருக்கிறார். நிலா வெளிச்சத்தில் தனியாளாக எழுதினேன் என்று ஒரு சுவரில் குறிப்பு வேறு. பொறாமையில் இதை அழிப்பவன் நோயில் விழட்டும் என்று ஒரு சாபமும் உண்டு.

"தனியாளாவா? ஏணி பிடிக்க ஆளில்லாமலா?" மாமாவுக்கு நெஞ்சு பதறிவிட்டது. பிறகு, "சாபம் விட்டான் பாரு, அவன்தான்டா நம்மாளு" என்றார்.

ஊர் வந்ததும் டீக்கடையில் கூட்டம் கூடிவிட்டது. கொச்சியில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டதற்கு, "சுவரு" என்றார் மாமா.

"எந்தக் கட்சி?"

"கட்சியே கெடையாது."

"கட்சி இல்லாம காசு யாருண்ணே குடுப்பா?"

"பாக்க வர்றவன் குடுக்கிறான். டிக்கெட் போட்டுத்தான் உள்ள விடுறான்."

கடை சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். முகத்துக்குப் பின்னால் இருந்த சுவரை அல்ல, முகத்தையே பார்த்தார்.

"அப்ப இத்தன வருசமா நீங்க எல்லாரும் ஓசியிலயில்ல பாத்திருக்கீங்க? அந்தப் பாக்கிய எப்ப குடுக்கப் போறீங்க?"

கடைக்காரர் அசரவில்லை. கல்லாவுக்குக் கீழிருந்து கணக்கு நோட்டை எடுத்து, மாமா பெயர் இருந்த பக்கத்தைப் பிரித்தார். "இந்தா இருக்குண்ணே ஒங்க டீப் பாக்கி. கழிச்சுக்கிட்டு மிச்சத்தச் சொல்லுங்க."